கதவுக்கு வெளியே இருந்து ஜான் ஃபோர்டு

'தி சர்ச்சர்ஸ்' படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் மௌனம், பிறகு கைதட்டல். ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடல் அது. முன்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து கடைசிக் காட்சியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். இருட்டான வீட்டுக்குள் கேமரா. வாசல் நிலையே சட்டகம். வெளியே வெயில், செம்மண், ஜான் வெய்ன். எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். அவன் மட்டும் நுழையாமல் திரும்பி நடக்கிறான். கதவு மூடுகிறது. தனிமையை இதைவிடச் சொன்ன காட்சி உலக சினிமாவிலேயே இல்லை என்றார். நான் எழுந்து கேட்டேன்: "ஐயா, வெய்னுக்கும் பின்னால அந்தக் கதவுக்கு வெளிய இன்னும் எத்தன பேரு நிக்கிறாங்க? அவங்க மண்ணுலதான அந்த வீட்டையே கட்டியிருக்கான்?" சலசலப்பு. "எங்க போனாலும் இதயே கொண்டாந்துடுவீங்களா தம்பி? சினிமாவ சினிமாவா பாருங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கான பதில்தான் இது.

சினிமாவை சினிமாவாகப் பார்த்தவன்தான் நானும். எங்கள் ஊர் டூரிங் கொட்டாயில் தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குமித்து மேடாக்கி, அதன்மேல் ஒக்காந்து குதிரைப் படம் பார்த்திருக்கிறேன். படத்துப் பேரு தெரியாது, பாஷை புரியாது. குதிரை வண்டி ஓடும், சிறகு வைத்தவர்கள் துரத்துவார்கள், ஊதுகொம்புச் சத்தம் கேட்கும், பட்டாளம் வரும். விசிலடித்துத் தொண்டை கட்டிப்போகும். யாருக்காக விசிலடித்தேன்? பட்டாளத்துக்காக. ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட தெருவிலிருந்து போனவன், வெளியே தள்ளப்பட்டவன் குதிரையிலிருந்து சுருண்டு விழும்போது விசிலடித்தேன். 1965இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விவாதத்தில் கறுப்பு எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இதைத்தான் சொன்னார்: செவ்விந்தியரைக் கொல்லும் கதாநாயகனுக்காகக் கைதட்டி வளரும் கறுப்புப் பிள்ளைக்கு, அந்தச் செவ்விந்தியன் தானேதான் என்று ஒருநாள் தெரியவரும் அதிர்ச்சியை. படித்தபோது கூசிப்போனேன். என் விசிலை யார் திருடினான் என்று தேடப்போய்த்தான் ஃபோர்டிடம் வந்து சேர்ந்தேன்.

ஃபோர்டு லேசுப்பட்ட ஆள் இல்லை. 1894இல் அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் பிறந்தவர். அப்பா அம்மா அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். நூற்றுக்கும் மேலான படங்கள். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் நான்கு முறை: 'தி இன்ஃபார்மர்' (1935), 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1940), 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' (1941), 'தி கொய்ட் மேன்' (1952). கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த 1950இல், இயக்குநர் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று செசில் பி. டெமிலை எதிர்த்துப் பேசியவர். அயர்லாந்துப் போராளியும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியும் நிலமிழந்த விவசாயியும் அவர் படத்தில் மனுசங்களாக இருக்கிறார்கள். இரக்கமில்லாதவர் என்று நான் சொல்லவரவில்லை. அந்த இரக்கம் எந்தத் தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது என்பதே என் கேள்வி.

'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தையே எடுத்துக்கொள்வோம். இடதுசாரித் தோழர்கள் கொண்டாடும் படம். நானும் அழுதிருக்கிறேன். டிராக்டர் வந்து குடிசையை இடிக்கிறது. மியூலி என்கிற விவசாயி மண்ணை அள்ளிக்கொண்டு கதறுகிறான்: இது எழுபது வருசத்துக்கு முந்தி என் தாத்தா எடுத்த நிலம், இதில் பிறந்தோம், இதில் செத்தோம், அதனால் இது எங்களுது. சரி. எந்த நிலம் அது? கதை நடப்பது ஓக்லஹோமாவில் சாலிசா ஊர்ப் பக்கம். 1907 வரை அது செரோக்கி மக்களின் தேசம். 1838இல் அவர்களைச் சொந்த ஊரிலிருந்து பட்டாளம் வைத்துக் கிளப்பி, ஆயிரக்கணக்கில் வழியிலேயே சாகவிட்டு, இனி இதுதான் உங்கள் இடம் என்று சொல்லி இறக்கிவிட்ட மண் அது. பிறகு அதுவும் பிடுங்கப்பட்டது. தாத்தா 'எடுத்த' நிலம் என்கிறானே, யாருகிட்டயிருந்து எடுத்தான்? படத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு சட்டகம்கூடக் கிடையாது. நிலமிழந்தவனின் கண்ணீர் உண்மைதான். அவனுக்கு முந்தி இழந்தவனுக்கு அழக்கூட இடமில்லை என்பதும் உண்மைதான். நம் ஊரில் விவசாயி கண்ணீரைப் பாடும் கவிஞர்கள், பறிபோன பஞ்சமி நிலத்தைப் பற்றி வாய் திறக்காதது ஞாபகத்துக்கு வருகிறது. வர்க்கம் தெரிந்த கண்ணுக்கு மற்றது தெரியாமல் போகும் வியாதி ஓக்லஹோமாவிலும் இருந்திருக்கிறது.

இப்போது 'தி சர்ச்சர்ஸ்' (1956). கமாஞ்சிகள் ஒரு வெள்ளைக் குடும்பத்தைக் கொன்று சிறுமி டெபியைத் தூக்கிப்போகிறார்கள். அவள் பெரியப்பன் ஈதன் பல வருசம் தேடி அலைகிறான். முதலில் காப்பாற்றத்தான் தேடுகிறான். அவள் கமாஞ்சியோடு வாழ்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் கொல்வதற்குத் தேடுகிறான். நல்லா கவனிங்க தோழர்களே. இரத்தம் கெட்டுப்போச்சு, குடும்ப மானம் போச்சு, அதனால் கொல்லு. ஈதன் மட்டுமா? லாரி என்கிற நல்ல பெண், வெள்ளைக் கல்யாண உடையில் நின்றுகொண்டு, அவன் சுட்டுக் கொன்றால் அவளைப் பெற்ற தாயே அதைத்தான் விரும்புவாள் என்கிறாள். இந்தப் பேச்சைக் கேட்க நாம் டெக்ஸாஸ் போகவேண்டியதில்லை. கலப்பு மணம் செய்த பிள்ளைகளைத் தண்டவாளத்திலும் கரும்புக் காட்டிலும் தேடியெடுத்த ஊர் நம் ஊர்.

ஃபோர்டு இந்த வெறியைக் கண்டிக்கத்தானே செய்கிறார் என்பார்கள். ஆமாம், செய்கிறார். ஈதனின் வெறியைக் கண் கூசும்படி காட்டியிருக்கிறார். பிணத்தின் கண்ணைச் சுட்டு, அவன் ஆவியும் அலையட்டும் என்கிறவன் அவன். ஆனால் கண்டித்த கையோடு என்ன செய்கிறார்? லுக் என்கிற கமாஞ்சிப் பெண் தெரியாமல் ஒரு வெள்ளைப் பையனுக்கு மனைவியாகிவிடுகிறாள். அவன் அவளைச் சரிவில் எட்டி உதைத்து உருட்டிவிடுகிறான். படம் நம்மைச் சிரிக்கச் சொல்கிறது. அன்றைய திரையிடலிலும் சிரித்தார்கள். பிறகு பட்டாளம் அவளைக் கொன்றுபோட்டிருக்கிறது. உதைத்துச் சிரிக்கவைத்த உடம்பின்மேலேயே அடுத்து ஒரு சொட்டுக் கண்ணீர். கமாஞ்சித் தலைவன் ஸ்கார், தன் இரண்டு பிள்ளைகளை வெள்ளையர் கொன்றதைச் சொல்கிறான். ஒரே ஒரு வாய். அந்த வாயும் யாருடையது? ஹென்றி பிராண்டன், ஜெர்மனியில் பிறந்த வெள்ளை நடிகர். 'இவங்கதான் என் சனங்க, போயிடு' என்று டெபி சொல்கிறாளே, அதைப் பிறகு யாரும் திரும்பிக் கேட்கவேயில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கதவுக்குள் விட்டாச்சு. அதுக்குப் பேரு மீட்பாம்.

சரி, அந்தப் பின்னணி? அது மானுமெண்ட் பள்ளத்தாக்கு, நவஹோ மக்களின் நிலம். 1864இல் அமெரிக்கப் பட்டாளம் நவஹோ மக்களைத் துப்பாக்கி முனையில் நடத்தியே நியூ மெக்ஸிகோவின் கிழக்கே கொண்டுபோய் அடைத்தது. 1868இல் உடன்படிக்கை போட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். 1930களில் மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று அரசாங்கம் அவர்கள் ஆடுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. ஆடு போனால் நவஹோவுக்கு எல்லாம் போச்சு. அந்தப் பசிக்காலத்தில்தான் 1939இல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' படத்துக்காக ஃபோர்டு அங்கே வந்தார். ஏழு வெஸ்டர்ன் படங்களுக்கு அந்தப் பாறைகளைப் பயன்படுத்தினார். கூலி கிடைத்தது, மறுக்கவில்லை. நெட்டைத் தலைவர் என்ற பொருளில் அவருக்கு ஒரு நவஹோ பேரும் வைத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். கூலி போடுகிற பண்ணையாருக்கு நம்ம தாத்தன்களும்தான் பட்டம் வைத்தார்கள். இன்றைக்கும் அந்தப் பூங்கா நவஹோ தேசத்துடையது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் பாறை விளிம்புக்குப் பேரு 'ஜான் ஃபோர்டு முனை'.

கூலிக்கு நவஹோக்கள் என்னவாக நடித்தார்கள்? 'ஸ்டேஜ்கோச்'சில் அப்பாச்சி. 'சர்ச்சர்ஸ்'சில் கமாஞ்சி. 'செயேன் ஆட்டம்' (1964) படத்தில் செயேன். ஒரு படத்திலும் நவஹோவின் கதைக்கு இடமில்லை. எல்லாரும் ஒண்ணுதானே, எவனுக்குப் பேரு வேணும்? நம்மை எல்லாரையும் ஒரே அட்டவணைக்குள் தள்ளி, உள்ளே இருப்பவனின் பேரைக் கேட்காதவர்களின் பார்வையும் இதுதான். அதிலும் கொடுமை, 'ஸ்டேஜ்கோச்'சில் குதிரையிலிருந்து விழுந்து வண்டிக்கு அடியில் போகிற அப்பாச்சி வீரன், யகிமா கனட் என்கிற வெள்ளைக்கார ஸ்டண்ட்காரர். பெருமையாகச் சாகும் வேஷம்கூட நமக்குக் கிடையாது.

கடைசியில் பிராயச்சித்தம் செய்தாரே என்பார்கள். செய்தார். தன் படங்களில் செவ்விந்தியர்களை நிறையக் கொன்றிருப்பதாகவும், அவர்கள் பக்கத்தைச் சொல்ல விரும்பியதாகவும் போக்டனோவிச்சிடம் சொன்னார். அதுதான் 'செயேன் ஆட்டம்'. 1878இல் ஓக்லஹோமா ஒதுக்கிடத்தில் பசியாலும் காய்ச்சலாலும் செத்துக்கொண்டிருந்த செயேன் மக்கள் சொந்த ஊருக்கு நடந்தே கிளம்பிய உண்மைக் கதை. ஆனால் தலைவர்களாக நடித்தவர்கள் ரிக்கார்டோ மொண்டல்பானும் கில்பர்ட் ரோலண்டும். மெக்ஸிகோவில் பிறந்தவர்கள். கதையை நடத்திச்செல்வது நல்ல வெள்ளைக் கேப்டனும் நல்ல வெள்ளை டீச்சரும். முடித்துவைப்பது நல்ல வெள்ளை மந்திரி. செயேன் மக்கள் கம்பீரமாக நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், நடக்கிறார்கள். சிலை மாதிரி. சிலைக்கு மாலை போடலாம், சிலை பேசாது.

ஆனால் அங்கே ஒரு கலகம் நடந்தது. அந்தப் படத்தில் செயேன்களாக நடித்த நவஹோக்கள் தங்கள் மொழியிலேயே வசனம் பேசினார்கள். ஹாலிவுட்டில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, கதைக்குச் சம்பந்தமில்லாத கெட்ட வார்த்தைகளையும் கிண்டலையும் பேசிவைத்தார்களாம். சோகக் காட்சி ஓடும்போது நவஹோ சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி வாங்கித்தந்த மொழி, இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்கு ரகசியக் குறியாக உதவிய மொழி, அன்றைக்குத் தனக்காகப் பேசிக்கொண்டது. எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அந்தச் சிரிப்புதான். நடவுப் பாட்டில் பண்ணையாரைத் திட்டிய என் ஆத்தாளுக்கு அது புரியும்.

கறுப்பருக்கு வருவோம். 1915இல் வெளிவந்த கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில், வெள்ளை முகமூடி போட்ட கிளான் குதிரைக்காரர்களில் தானும் ஒருவன் என்று ஃபோர்டே சொல்லியிருக்கிறார். அந்த வருசம் பாபாசாகேப் அம்பேத்கர் அதே அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். ஒரே நாடு, ஒரே காலம், ஒருவர் முகமூடியோடு குதிரையில், ஒருவர் புத்தகத்தோடு நூலகத்தில். ஃபோர்டு அங்கேயே நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. 1960இல் 'சார்ஜண்ட் ரட்லட்ஜ்' எடுத்தார். வூடி ஸ்ட்ரோட் என்கிற கறுப்பு நடிகரைப் பாறைமேல் நிறுத்திக் கம்பீரமாகக் காட்டினார். ஆனால் அந்தக் கறுப்புச் சிப்பாய் தன் மானத்தை எப்படி நிரூபிக்கிறான்? அப்பாச்சிகளைச் சுட்டு. ஒடுக்கப்பட்டவன் நல்லவன் என்று காட்ட இன்னொரு ஒடுக்கப்பட்டவன் சாகவேண்டும். இந்தக் கணக்கு நமக்குப் புதுசா?

1962இல் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்'. அதே ஸ்ட்ரோட், பாம்பி என்கிற பண்ணையாள். வக்கீல் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சுவரில் லிங்கன் படம். பாம்பி எழுந்து சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்கிறான். எல்லாரும் சமம் என்கிற வரி வரும்போது மறந்துவிடுகிறான். பல பேருக்கு அது மறந்துபோகிறது என்கிறார் வாத்தியார். ஃபோர்டின் உச்சம் இது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். எசமான் ஜான் வெய்ன் உள்ளே வந்து, இங்க என்ன வேல என்று பாம்பியை அதட்டி அனுப்புகிறான். பாம்பி படிப்பை விட்டுப் போகிறான். கடைசிவரை எசமானின் சவப்பெட்டிப் பக்கத்தில் ஒக்காந்திருக்கிறான். செனட்டரான பழைய வாத்தியார் வந்து கையில் காசைத் திணித்துவிட்டு ரயிலேறுகிறார். மறந்துபோன வரியைப் பாம்பி பிறகாவது ஞாபகப்படுத்திக்கொண்டானா? படம் கேட்கவில்லை. தன் நாட்டுக்கு என்ன மறந்துபோச்சு என்று ஃபோர்டுக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஞாபகப்படுத்திச் சொல்லும் வேலையைப் பாம்பிக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

இரக்கம் கொடுத்தார், இடம் கொடுக்கல. நான் சொல்லவந்தது இவ்வளவுதான். இது ஒரு ஆளின் குறை மட்டுமில்லை. கேமரா எந்த வீட்டுக்குள் நிற்கிறது என்பதன் குறை. எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அந்த வீட்டுக்குள் நின்று பார்த்தால் நாம் தூரத்துப் புழுதிதான்.

நண்பர்களே, ஃபோர்டைப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். பாருங்க. அந்த வானத்தை எப்படிப் பிடித்தான், கூட்டத்தை எப்படி நடத்தினான் என்று கத்துக்குங்க. ஆனால் நம் கதையை நமக்காக உருகி எடுக்கிறவர்களிடம் நன்றி சொல்லிக் கைகட்டி நிற்காதீங்க. 'செயேன் ஆட்டம்' வந்து 34 வருசம் கழித்து, 1998இல், கிறிஸ் ஐர் என்கிற செயேன் - அரப்பஹோ இளைஞர் 'ஸ்மோக் சிக்னல்ஸ்' எடுத்தார். எழுதியதும் நடித்ததும் பூர்வகுடி மக்கள். அதில் இரண்டு பையன்கள் பஸ்ஸில் ஒக்காந்து ஜான் வெய்னின் பல்லைப் பற்றிக் கிண்டலாகப் பாட்டுப் பாடுகிறார்கள். நான் மறுபடி விசிலடித்தேன். இந்தத் தடவை யாருக்காக என்று தெரிந்து.

அந்தக் கதவை மூடிக்கொள்ளட்டும். கேமராவ வெளிய கொண்டாந்து வெச்சா அந்த வீடு முழுசாத் தெரியும். அது யார் மண்ணுல நிக்குதுன்னும் தெரியும்.