ஒரே நாடு ஒரே சந்தா: காலேஜில் திறக்கும் ஆய்வுக் கட்டுரை, வீட்டில் செல்போனில் திறக்காதது ஏன்?

காலேஜ் வைஃபையில் முழுசாகத் திறந்த ஆய்வுக் கட்டுரை, பஸ் ஏறி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் பணம் கேட்கிறது. ஒரு கட்டுரைக்குப் பெரும்பாலும் 30 டாலருக்கு மேல். இத்தனைக்கும் அந்த இதழுக்கு மத்திய அரசு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டது.

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ள கிட்டத்தட்ட 1.8 கோடி பேர் படிக்கலாம். சுயநிதிக் கல்லூரிகளுக்கு இதில் இடமில்லை. அது தனிப் பஞ்சாயத்து.

போனில் என்னதான் சிக்கல்?

வாசலில் நிற்பது மாணவரா, வெளியாளா என்பது பதிப்பகத்தின் இணையதளத்துக்குத் தெரியாது. எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறார் என்று மட்டும்தான் பார்க்கும். அது கல்லூரி நெட்வொர்க் என்றால் கதவு திறக்கும். ஜியோ, ஏர்டெல் டேட்டா என்றால் பில்லை நீட்டும். நூலகத்துக்குள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்த காலத்துக்கு இந்த ஏற்பாடு சரி. சொந்தமாக லேப்டாப் இல்லாமல், ராத்திரி போனில் படிக்கும் மாணவிக்கு இது உதவாது.

வழி இல்லாமல் இல்லை. திட்டத்தை ஒருங்கிணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம், 'இன்ஃபெட்' என்ற லாகின் வசதியை நடத்துகிறது. கல்லூரி அதில் சேர்ந்து மாணவருக்கு ஐடி, பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால், பதிப்பகத்தின் தளத்தில் கல்லூரி பெயரைத் தேர்வு செய்து எங்கிருந்தும் நுழையலாம். இன்னொரு சின்ன வழியும் உண்டு. கல்லூரி வைஃபையில் இருக்கும்போதே போனில் கூகுள் ஸ்காலரைத் திறந்து பயன்படுத்தினால், சில பதிப்பகங்களின் கட்டுரைகள் வெளியே போன பிறகும் கொஞ்ச நாள் திறக்கும். எல்லாப் பதிப்பகமும் இதில் இல்லை.

ஆக, பந்து நூலகத்தின் பக்கம்தான் இருக்கிறது. மாணவர் பட்டியலை ஏற்றி, ஆண்டுதோறும் புதுப்பித்து, பாஸ்வேர்ட் மறந்தவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நூலகர் இல்லாத கல்லூரியில் இதை யார் செய்வது? 6,000 கோடி ரூபாய் திட்டம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சை-ஹப் இருந்ததே?

லாகின் கேட்காமல், போனிலேயே கட்டுரையை இறக்கித் தந்ததால்தான் அந்தத் தளத்தை ஆய்வு மாணவர்கள் நாடினார்கள். காப்புரிமை வழக்கில் 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை முடக்க உத்தரவிட்டது. குறுக்கு வழியை அடைத்தாச்சு. நேர்வழி போனில் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

சந்தா 2027-உடன் முடிகிறது. அடுத்த பேரத்தில் எத்தனை கட்டுரைகள் படிக்கப்பட்டன என்ற கேள்வி கட்டாயம் எழும். போனில் திறக்காமல் மாணவி மூடிவிட்டுப் போன கட்டுரை அந்தக் கணக்கில் வராது.