மர்மக்கதை வாலிபரைக் கெடுக்குமா?

“மர்மக்கதை படிக்கும் பிள்ளை உருப்படாது” என்று கூறும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அவர்களை ஒன்று கேட்கிறோம்: வீட்டில் நகை காணாமற் போனால், வெற்றிலையில் மைபோட்டுப் பார்ப்பவனிடம் ஓடுகிறவர் யார்? அந்தப் பிள்ளையா, நீங்களா?

தமிழ்வாணன் படைத்த துப்பறியும் சங்கர்லால் மைக்காரனை நம்பி வழக்கை முடிப்பவரல்லர். தேநீர் அருந்திச் சிந்திப்பார், தடயம் தேடுவார், காரணம் கேட்பார். 1977-இல் மறைந்த தமிழ்வாணன், ‘கல்கண்டு’ பத்திரிகை வாயிலாக இளையோர்க்கு எளிய நல்ல தமிழையும் ஊட்டினார். இதுவா கேடு?

“கதை எழுதத் தெய்வ அருள் வேண்டும்” என்பது மற்றொரு பிதற்றல். 1887-இல் ஷெர்லக் ஹோம்ஸை உலகுக்கு அளித்த கானன் டாயிலுக்குத் தூண்டுகோல், எடின்பரோவில் அவருக்கு மருத்துவம் கற்பித்த ஜோசப் பெல் என்னும் ஆசிரியரே. நோயாளியின் நடையையும் கையையும் கண்டே அவன் தொழிலைச் சொன்னவர் அவர். கூர்ந்து நோக்கும் கண்ணே அருள்!

அக்கண் தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லையா? பால்மரம் வெட்டிய காலத்தில், நிறுவையில் குறைந்த பால் எங்கே போயிற்று? பெரட்டுக்கு வந்தவன் பெயர் கிராணியின் கணக்கில் விழாதது ஏன்? செம்பனை வந்தபின் லயங்களை விட்டுச் சென்ற குடும்பங்கள் என்னவாயின? இவற்றினும் பெரிய மர்மம் ஏது?

சித்தியவான் வாலிபர்களே! முதியோரை விசாரியுங்கள், சான்று தேடுங்கள், எழுதுங்கள். பெரியோர்களே! பிள்ளையின் கைப்புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். மைக்காரனுக்குக் கொடுக்கும் வெள்ளியில் இன்னொரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.