மீட்டர் இல்லாத டிவி

‘மக்கள் கேட்டார்கள், போட்டோம்’ என்பதுதான் மறு ஒளிபரப்புக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். 2020 மார்ச் 28, ஊரடங்கின் நான்காம் நாள், 1987இல் வந்த ராமாயணத்தைத் தூர்தர்ஷன் மறுபடி போட்டபோது மத்திய அமைச்சரும் அதையேதான் சொன்னார். அந்த ஊரடங்கில்தான் சன் டிவியில் ‘மெட்டி ஒலி’யும் திரும்ப வந்தது. எந்த மக்கள் கேட்டார்கள்? யாரிடம் போய்க் கேட்டார்கள்?

நம் விருப்பத்தை அளந்து சொல்வது பார்க் என்ற அமைப்பு. நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். டிவி முன்னால் உட்காரும்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனக்கான பொத்தானை அழுத்த வேண்டும். இதில் ‘வீடு’ என்ற சொல்லை எங்கள் ஊர்ப் பெண்கள் லேசாகக் கடந்துவிட முடியாது. திருப்பூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளின் விடுதிகள் வீடுகள் அல்ல. சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் சூட்டி, மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி எத்தனை பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள்! அங்கே ஒரு கூடத்துக்கு ஒரு டிவி. நூறு பேர் பார்த்தாலும் கணக்கில் பூஜ்யம். பனியன் கம்பெனியில் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவளோ, அடுப்படியில் நின்றபடி காதால்தான் சீரியல் பார்க்கிறாள். அவளுக்கு எந்தப் பொத்தான்?

‘அழுவாச்சி சீரியல்’ என்று மூக்கைச் சுளிக்கும் ஆண் அறிவுஜீவிகளோடு சேர்ந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்தும் நிம்மதியில்லாமல் அலையும் ‘மெட்டி ஒலி’ அப்பாவைப் பார்த்து அழுதவர்களுக்கு அழக் காரணம் இருந்தது. அது திரும்ப வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வராமல் போனதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1991இல் சுஹாசினி இயக்கி, தூர்தர்ஷனில் வந்த தொடர் ‘பெண்’. ஒவ்வொரு வாரமும் ஒரு பெண்ணின் கதை, அந்த வாரமே முடிந்துவிடும். ஊரடங்கில் எந்தச் சேனலும் அதைத் தூசு தட்டி எடுத்து நான் பார்க்கவில்லை. கணக்கு எளிது. தினமும் அரை மணி நேரத்தை மாதக்கணக்கில் நிரப்ப நூற்றுக்கணக்கான பகுதிகள் வேண்டும். அமெரிக்காவிலும் நூறு பகுதி தேறினால்தான் ஒரு தொடருக்கு மறு ஒளிபரப்புச் சந்தையில் மதிப்பு என்பது நெடுநாள் வழக்கம். ஒரே பகுதியில் முடிவெடுத்துவிடுகிற பெண்ணை வைத்து இரண்டு வருஷம் சோப்பு விற்க முடியுமா? முடிவெடுக்கவிடாமல் இழுத்தடிக்கப்படுகிறவள்தான் லாபம். கல்யாணம் தீராத பிரச்சினையாக இருக்கும்வரைதான் நாளைக்கும் டிவி போடுவோம். மில்காரர்கள் மூன்று வருஷத்தை வாங்கியதும் அதே கல்யாணத்தைக் காட்டித்தான்.

அடுத்தது, டேப் யார் கையில் என்பது. 1999இல் தொடங்கிய ‘சித்தி’யில் ராதிகா நடிகை மட்டுமல்ல; தயாரித்த ராடான் நிறுவனமும் அவருடையது. அப்படி உரிமை வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் நாள் சம்பளத்துக்கு நடித்தவர்கள். ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றது, சம்பளமும் நின்றது. பழைய டேப்பில் அவர்கள் முகங்கள் மட்டும் தினமும் வேலைக்கு வந்தன. ஹாலிவுட் நடிகர்கள் 1960இலேயே வேலைநிறுத்தம் செய்து, டிவியில் மறுபடி காட்டப்படும் படங்களுக்குப் பங்கு வாங்கினார்கள். இங்கே பீஸ் ரேட்டுக்குத் தைத்த டெய்லரின் கதைதான்: தைத்ததோடு சரி, சட்டையில் இருப்பது வேறொருவர் லேபிள்.

தனியார் சேனல்களிடம் நியாயம் கேட்டால் வியாபாரம் என்பார்கள். தூர்தர்ஷன் அப்படிச் சொல்ல முடியாது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 முதல் நம் வரிப்பணத்தில் நடக்கிறது. பொதிகை, டிடி தமிழ் என்று பெயர்தான் மாறுகிறது. பெண்கள் எழுதிய, இயக்கிய நிகழ்ச்சிகளில் எவை அங்கே டேப்பாக இருக்கின்றன, எவை அழிக்கப்பட்டன, யார் உத்தரவில் அழிக்கப்பட்டன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். ஆளுக்கொரு வருடத்தைப் பிரித்துக்கொண்டு எழுதிப் போடுங்கள், பிள்ளைகளே. முதல் மனுவில் 1991ஐக் கேளுங்கள்.