காயைக் கொடுத்தவர் கணக்கும் வைத்திருந்தார்



2022-ல் நம்ம பக்கத்து மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தாலும் நடந்தது, நம் கல்லூரியில் மதிய இடைவேளை என்றால் செஸ் போர்டுதான். சந்தோஷம்! ஆனால் நம்ம பசங்க ஆட்டத்தில் ஒரு வியாதி இருக்கிறது. பத்து நகர்த்தலுக்குள் ஒரு யானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "ஆனந்த் மாதிரி ரிஸ்க் எடுத்தேன்டா" என்று காலரைத் தூக்கிவிடுவது! ஆனந்த் எடுத்த ரிஸ்க் அப்படிப்பட்டதுதானா? இல்லவே இல்லை என்பது என் கருத்து.

2013 ஜனவரி 15. நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ. எதிரே அர்மேனியாவின் அரோனியன். அப்போது உலகத் தரவரிசையில் முதல் மூவரில் ஒருவர். ஆனந்துக்கு வயது 43, கறுப்புக் காய்கள். உலக சாம்பியன் பட்டம் கையில் இருந்தும், "ஆனந்த் கதை முடிஞ்சுது" என்று பேச்சு அடிபட்ட நேரம்.

15-வது நகர்த்தலில் தன் மந்திரியைச் சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் வைத்தார் ஆனந்த். 16-வதில் ஒரு குதிரையையும் அப்படியே வைத்தார். அந்த நிமிஷம் போர்டைப் பார்த்தால் ஒரு மந்திரி, இரண்டு குதிரைகள், ஒரு யானை என நான்கு காய்கள் வெட்டுக்கு நிற்கின்றன! அரோனியன் ஒரு குதிரையை வெட்டினார், பிறகு தன் குதிரையால் யானையையும் வெட்டினார். அந்தக் குதிரையை ஆனந்தின் ராஜாவே உடனே வெட்டியிருக்கலாம். வெட்டல! ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, எதிரி ராணி தன் ராஜாவை நோக்கி வரும் வழியை அடைத்தார். 23-வது நகர்த்தலோடு அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போது அவருடைய ஒரு யானையும் ஒரு மந்திரியும் ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன. ஆக, ஆனந்த் காயைக் கொடுத்து வாங்கியது நேரத்தை! 1907-ல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டீன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாராட்டினார்கள்.

இது அந்த நொடியில் வந்த ஆவேசமா? கிடையாது. 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக சாம்பியன் போட்டிக்காக, ஆனந்தும் அவர் குழுவும் தயாரித்து வைத்திருந்த யோசனை. இதன் மறுபக்கத்தையும் ஆனந்த் பார்த்தவர். 1995-ல் நியூயார்க்கில் பத்தாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் ஒரு யானையை நீட்டினார். ஆனந்த் வெட்டினார், தோற்றார். அதுவும் வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்த தாக்குதல்தான்.

"தயார் பண்ணிட்டு வந்தா அது என்ன வீரம்?" என்று கேட்பீர்கள். வீட்டில் போட்ட கணக்கு போர்டில் ஞாபகம் வரணும், வரிசை மாறாமல் வரணும். ஒரு நகர்த்தல் பிசகினால் கொடுத்த யானை கொடுத்ததுதான்! ஒர்க்ஷாப்பில் பாருங்கள். லேத்தில் ஜாபை சென்டர் பார்த்து செட் பண்ணத்தான் நேரம் பிடிக்கிறது, டர்னிங் கொஞ்ச நேரம்தான். பொறுமையாக செட் பண்ணுகிறவனை யாராவது பயந்தாங்கொள்ளி என்பார்களா?

நம்மில் பலருக்கு இது போர்டோடு முடிகிற விஷயம் இல்லை. எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். முதல் வருஷ ஃபீஸுக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான். அதாவது, நாம் ஆட உட்காருவதற்கு முன்பே ஒரு காய் கொடுத்தாச்சு! காயைக் கொடுத்த பிறகு சும்மா ஒரு நகர்த்தல் ஆடினால், வாங்கிய நேரமும் எதிரிக்கே போய்விடும். "அரியர் வந்தா அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்" என்பது அப்படிப்பட்ட நகர்த்தல். அதற்கு ரிஸ்க் என்று பேர் வைக்காதீர்கள்.

காயைக் கொடுத்தது வீட்டார். கணக்கு வைக்க வேண்டியது நாம்தான் நண்பர்களே!

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை