சொல்லெண்ணிக்கையும் வினவற் கட்டளையும்

இலக்கியச் சொல்லாட்சி பற்றிய கட்டுரைகளில் ‘இச்சொல் இந்நூலில் இத்தனை இடங்களில் பயின்று வந்துள்ளது’ என்னும் கூற்று இப்போது தரவுத்தளங்களின் துணைகொண்டும் எழுதப்படுகிறது. எண்ணிக்கை அச்சேறுகிறது, அதனைத் தந்த வினவற் கட்டளை அச்சேறுவதில்லை. நூலின் காலத்தையும் ஆசிரியரையும் துணிவதற்கு அவ்வெண்ணிக்கை சான்றாகும்போது இது சிறு குறையன்று.

‘பொருள்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று. ஒருங்குறியில் அது ஆறு குறியீடுகளாகச் சேமிக்கப்படும். ஒகரக் குறி, கொம்பும் காலுமாகப் பிரித்து உள்ளிடப்பட்டிருப்பின் ஏழாகும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளமோ இவற்றை இருவேறு சொற்களாகவே கொள்ளும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட பனுவல்களில் இக்கலப்பு நேர வாய்ப்புண்டு. தேடுமுன் பனுவலை ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். கொணரப்பட்டதா என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

இதற்கு மாறான இடரும் உண்டு. ‘கல்’ என்பதைச் சொல்லெல்லை இடாமல் ‘லைக்’ கட்டளையால் தேடினால் கல்வியும் பகலும் அகலும் உடன்வரும். ‘கல’ என்று தேடினாலோ ‘கல்’லும் வரும். மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஒருங்குறியும் அகரமேறிய எழுத்தின்மேல் புள்ளியைத் தனிக் குறியீடாகச் சேர்ப்பதால், தேடுபொறிக்குப் புள்ளி ஒரு பின்னொட்டு மட்டுமே. (அகரவரிசையும் இவ்வாறே பிறழும்: இயல்பான வரிசையில் ‘மனம்’ ‘மலர்’க்கு முன் நிற்கும்.)

நிரல்வழி விடை பெறுவோர்க்கு மற்றொரு வழுக்கல் உண்டு. பைத்தானில் வினவல் விடையை ஒரு சுட்டி வரிவரியாகத் தருகிறது. எல்லா வரிகளையும் எடுத்தபின் அதே சுட்டியை மீண்டும் கேட்டால் வெறும் பட்டியலே கிடைக்கும். பிழைச் செய்தி வாராது. ‘இந்நூலில் இச்சொல் இல்லை’ என்ற முடிவுக்கு அந்த வெறுமையே அடிப்படையாகிவிடக்கூடும்.

இவையெல்லாம் கணினியாளர் கவலை, இலக்கிய ஆய்வாளர்க்குரியன அல்ல என்பர் சிலர். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்று பிரதிபேதம் காட்டுவது உ.வே.சாமிநாதையர் பதிப்புகள் நிலைபெறுத்திய நெறி. எந்தப் பனுவலில் எவ்வாறு தேடப்பட்டது என்பதும் அந்நெறிக்குட்பட்டதே.

செய்ய வேண்டுவது அரிதுமன்று. கட்டளை வரியில் வினவலை ஒரு கோப்பாக எழுதி இயக்கி, விடையை மற்றொரு கோப்பில் சேமித்தால் இரண்டும் எஞ்சும். திரையில் கண்டு கைக்குறிப்பாக எடுத்த எண்ணுக்கு அந்த வாய்ப்பில்லை. பின்னிணைப்பில் வினவல், பனுவலின் பதிப்பு, தேடிய நாள் ஆகியவற்றுக்கு அரைப்பக்கம் போதும். இதழாசிரியர்கள் அதனைக் கட்டாயமாகக் கேட்கலாம். நிரலறியா மதிப்பீட்டாளரும் ‘கல்’லுக்குச் சொல்லெல்லை இடப்பட்டதா என்பதை அவ்வரைப்பக்கத்திலேயே பார்த்துவிட இயலும்.