அறுத்துப் பார்த்த பூட்டு

லேத்தைப் பற்றி இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று இதே பக்கத்தில் சத்தியம் செய்திருந்தேன். மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்கு அது வந்து ஏறிய கதை, அந்த மாதத்துக் கரண்ட் பில், கீழ்வீட்டுக்காரருடன் நடந்த பஞ்சாயத்து எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். மன்னியுங்கள், சத்தியம் போயிற்று. கெடுத்தது ஆம்பூரில் ஒரு கதவு.

போன ஞாயிறு நண்பர் ஒருவரின் புதுவீட்டுக்குப் போயிருந்தேன். தேக்குக் கதவு, அதில் விரல் வைத்தால் திறக்கும் பூட்டு. பிரியாணி வந்து இறங்குவதற்குள் வந்தவர்கள் எல்லோருக்கும் நாலு தடவை திறந்து காட்டிவிட்டார் நண்பர். பிறகு அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கீய் என்று ஒரு சத்தம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா 22 வருஷம் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பார்த்தவர். பசை தடவுவது, விரலாலேயே ஓரம் மடித்து அழுத்துவது, ஒட்டிய பசையை வீட்டுக்குப் போகும் முன் தின்னர் போட்டுத் தேய்ப்பது. 

“ரேகையெல்லாம் கம்பெனியிலேயே வுட்டுட்டு வந்துட்டேன் தம்பி” என்று சிரித்தார்.

இதை வைத்து ஒரு கோபமான பத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். ரேஷன் கடை மெஷின் முன்னால் விரலை ஊதி ஊதி வைக்கிற பெண்கள், பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டிய கைகள் என்று பாதிப் பக்கம் ஓடியது. அங்கே நின்றுவிட்டேன். மாட்டேன் என்று சொல்லும் பூட்டு ஏன் மாட்டேன் என்று சொல்ல வேண்டாமா? இந்தக் கேள்வி பஸ்ஸிலேயே தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை மாடிக்குப் போய், சாவி போடும் சாதாரணக் கதவுப் பூட்டு ஒன்றை லேத்தில் வைத்து அறுத்தேன்.

ஷூ ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கல்லூரி நாளில் ஒரு கம்பெனியின் சாம்பிள் அறையில் நடுவே வகிர்ந்து வைத்த ஷூ ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மேல்தோல், உள்தோல், வளைவுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புப் பட்டை, கார்க் தூள், அடித்தோல் எல்லாம் வெங்காயம் அரிந்த மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அறுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. எனக்கு முன்னோடிகள் உண்டு. அர்தேஷிர் கோத்ரெஜ் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1897-ல் பம்பாயில் பூட்டுச் செய்ய உட்கார்ந்தவர். இதை வீட்டில் சொன்னேன். “அவர் பூட்டு செஞ்சாரு, நீங்க உடைக்கிறீங்க” என்று பதில் வந்தது.

நம் வீட்டுக் கதவில் இருப்பது அமெரிக்காவின் லைனஸ் யேல் 1861-ல் காப்புரிமை வாங்கிய வகை. சாவி நுழையும் உருளைக்கு மேலே ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், அதன் தலையில் இன்னொரு பின், அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல்பின் பாதி உருளைக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் குறுக்கே நிற்கும், உருளை சுற்றாது. சரியான சாவி போனால் அதன் மேடுபள்ளம் ஐந்து ஜோடியையும் அளவாகத் தூக்கி, இரண்டு பின்னும் சேரும் இடத்தை உருளையின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். தப்பான சாவி என்றால் எந்தப் பின் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பூட்டில் சன்னல் இருந்தால்.

அந்தச் சன்னலை வெட்டுவதில்தான் இருக்கிறது சங்கதி. பின் துளை சுமார் 3 மில்லிமீட்டர். மில்லிங் கட்டர் துளையின் ஓரத்தைத் தொட்ட பிறகு 0.4 மில்லிமீட்டர் உள்ளே போனால் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு வாய் திறக்கும். பின் தெரியும், ஆனால் வெளியே வராது. 1.5 போய்விட்டால் துளையின் பாதி போச்சு, பின்கள் பொலபொலவென்று கொட்டும். நல்ல பூட்டுக்கும் பேரீச்சம்பழத்துக்குப் போடும் பித்தளைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்தான். கட்டர் இழுக்கும் பிசிறு துளைக்குள் மடங்கினாலும் பின் சிக்கிக்கொள்ளும். இதற்கு வைத்தியம் எனக்கு ஒரு நகை ஆசாரி சொன்னார். பொள்ளலான நகைக்கு உள்ளே விடுகிற மாதிரி துளைகளில் அரக்கை உருக்கி ஊற்றிவிட்டு வெட்டு, அப்புறம் ஸ்பிரிட்டில் ஊறப் போடு, கரைந்து வந்துவிடும் என்றார். வந்தது. கடைசிக் கால் மில்லிமீட்டரை மட்டும் மெஷினை நம்பாமல் ஊசி அரத்தால் ராவினேன்.

மறுபடி பூட்டுவது தனிப்பாடு. உருளையை உருவும்போது பின்னாலேயே அதே தடிமனில் ஒரு குச்சியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் மேல்பின்னும் ஸ்பிரிங்கும் பறக்கும். என் குச்சி ஒரு நூல் சன்னம். ஐந்து ஸ்பிரிங்கில் நான்கு கிடைத்தன. ஐந்தாவது புதன்கிழமை வடாமில் கிடைத்தது. அதைப் பற்றி மேலும் பேச எனக்கு அனுமதி இல்லை.

அறுத்தால் இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது. இந்த வேலைக்காகக் கடையில் வாங்கிய மூன்று பூட்டில் இரண்டு, வெளியே பொன்னாக மின்னிவிட்டு உள்ளே சாம்பல் நிறத்தில் இளித்தன. துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே பித்தளை மாதிரி முலாம். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “வாங்கி அறுப்பாங்கன்னு யாரு சார் நினைப்பா” என்றார். நியாயம்தான்.

இப்படிப் பூட்டின் வயிற்றைத் திறந்து காட்டினால் திருடனுக்குப் பாடம் எடுத்ததாகாதா என்று யாராவது கடிதம் போடுவீர்கள். அதற்குப் பதில் என் மேஜையில் இருக்கிறது. 1853-ல் சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்த பூட்டு நூல். என்னிடம் இருப்பது சுருள் கம்பி போட்ட ஜெராக்ஸ்தான், ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை படிக்கிறேன். அதன் நாயகன் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வியாபாரி. 1851-ல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்தவர், திறக்கவே முடியாது என்று பெயர் வாங்கிய சப் பூட்டை அரை மணிக்குள் திறந்தார். அடுத்து பிராமா பூட்டு. திறப்பவருக்கு 200 கினி என்ற பலகையோடு பிக்காடில்லி கடை சன்னலில் 60 வருஷமாக அசையாமல் தொங்கியது. 16 நாளில் விட்டுவிட்டு மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதையும் திறந்தார். பத்திரிகைகள் குதித்தன, வியாபாரிகள் சாபமிட்டார்கள். ஹாப்ஸ் அசரவில்லை. திருடனுக்கு இதெல்லாம் நமக்கு முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டை வாங்கியவனுக்கு மட்டும்தான் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சி.

ஒரே ஒரு பூட்டில் மட்டும் கத்தி வைக்கக் கை வரவில்லை. பேரணாம்பட்டில் ஒரு பழைய தோல் மண்டியை இடித்தபோது கிடைத்த திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே யாரோ ஒருவர் அரத்தால் ராவி ராவிச் செய்தது. உள்ளே பின் கிடையாது, நெம்புத் தகடுகள். ரிவெட் அடித்து மூடியது, அறுத்தால் அறுத்ததுதான், திரும்பச் சேராது. அதற்குச் சாவியும் இல்லை. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று கேலி பேசப்பட்ட ஊர் எங்கள் வேலூர். சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாற்றிலும் எப்போதாவது தண்ணீர் வருகிறது. பட்டியலில் சாவி இல்லாத பூட்டைச் சேர்த்துக்கொண்டு அதை அலமாரியில் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அறுத்த பூட்டை ஆம்பூருக்கு எடுத்துப் போனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாவியை மெல்ல உள்ளே விட்டார். ஐந்து பின்னும் படிப்படியாக ஏறி இறங்கி ஒரே கோட்டில் நின்றன. உருவினார், விட்டார். உருவினார், விட்டார். பீரோ சாவியையும் போட்டுப் பார்த்தார். முதல் பின் தாண்டவில்லை.

“இது மட்டும் கொஞ்சம் எக்கிக்கினு நிக்குது பாரு” என்று மூன்றாவது பின்னைக் காட்டினார். அந்தத் துளையில் ஒரு பிசிறை விட்டிருக்கிறேன். ரேகை இல்லாத அந்த விரல் அதைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டது.

காபி வந்தது, பேச்சு எங்கெங்கோ போனது. வேலூர் பஸ் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டிய பிறகுதான் பையைப் பார்த்தேன். பூட்டு இருக்கிறது, சாவி இல்லை. போன் போட்டேன். “அம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்க, கேட்டா குடுக்க மாட்டேங்கிறாங்க” என்றார் நண்பர்.