பதினெட்டடிப் படகுக்கு எத்தனை குதிரை?

கண்டியில் வாழும் நண்பர் ஒருவர் இயந்திரப் படகு வைத்திருக்கிறார் என்றால் வெளிநாட்டு வாசகர்கள் சிலர் வியக்கக்கூடும். மலைகளுக்கு நடுவே படகுக்கு என்ன வேலை? 1985ஆம் ஆண்டு விக்டோரியா அணை திறக்கப்பட்டு, பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது முதல், கண்டிக்குக் கிழக்கே ஒரு சிறு கடலே கிடக்கிறது. நண்பரின் தந்தையார் நீர்கொழும்பில் வாங்கி, கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறியில் கொண்டுவந்த பதினெட்டடி பைபர்கிளாஸ் படகு அது. பின்னால் 25 குதிரைவலு கொண்ட இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துவிட்டது. இப்போது குடும்பத்தார் ஐவரும் ஏறினால் படகு மூக்கை உயர்த்திக்கொண்டு நீரை உழுகிறதேயன்றி, மேலெழுந்து வழுக்கி ஓடுவதில்லை. பிள்ளைகள் 40 குதிரைவலு வேண்டும் என்கிறார்கள். தந்தை காலத்து எஞ்சினைக் கழற்றி எறிய நண்பருக்கு மனமில்லை. என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் பொறியியலாளன் அல்லன். ஆயினும் கரையோர மீன்பிடித் தொழில்பற்றிப் பல்லாண்டு எழுதியவன் என்ற முறையில், மீனவர்களும் மெக்கானிக்குகளும் சொல்லித்தந்தது கொஞ்சம் நினைவில் தங்கியிருக்கிறது. அவர்களுள் மூத்தவர்கள் முதலில் கற்பிக்கும் பாடம் வலுவும் வேகமும் ஒன்றல்ல என்பதே. நீரைக் கிழித்துச் செல்லும் நிலையில் பதினெட்டடிப் படகு மணிக்குப் பத்துப் பதினொரு கிலோமீற்றரைத் தாண்டத் திணறும். தானே எழுப்பிய அலைக்குள் சிக்கிக்கொள்ளும். அதை மீறி மேலெழுந்துவிட்டால் பிறகு வேகம் ஏறத்தாழ வலுவின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். 25 குதிரையில் மணிக்கு 32 கிலோமீற்றர் ஓடிய படகு 40 குதிரையில் 40 கிலோமீற்றர் ஓடும், அவ்வளவே. வலு அறுபது வீதம் கூடியது. வேகம் கால்பங்கு கூடியது. எரிபொருளோ வேகத்தைப் பின்பற்றாது, வலுவைப் பின்பற்றும். பெரிய எஞ்சின் ஏறத்தாழ 20 கிலோ கூடுதல் எடையையும் அந்தப் பழைய பின்பலகையில் தொங்கவிடும். படகைக் கட்டியவர் அந்தப் பலகைக்கு ஓர் உச்ச வரம்பு வைத்தே கட்டியிருப்பார். அதைக் கேட்டறியாமல் எஞ்சின் விலையை விசாரிப்பது முறையன்று.

ஆனால் நண்பரின் படகு முன்பு இதே 25 குதிரையில் ஐவரைச் சுமந்து மேலெழுந்ததே! அப்படியானால் எங்கே போயிற்று அந்த வலு? எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். மலைநாட்டில் காற்று மெல்லியது, அதனால்தான் எஞ்சின் இழுக்கவில்லை என்று திகனயில் யாரோ சொன்னார்களாம். பாதி உண்மை. முந்நூறு மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ மூன்று வீத வலு குறையும் என்பது பொதுக்கணக்கு. விக்டோரியா நிறைந்து நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடலிலிருந்து 438 மீற்றர். ஆகவே 25 குதிரையில் ஒன்றுக்குச் சற்று மேல் காணாமற்போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஆயிரம் மீற்றருக்கு மேலே ஓட்டுபவர் இதைச் சொன்னால் நியாயம் உண்டு. திகனக்காரர் சொல்லக்கூடாது. காற்று அன்றும் இதே காற்றுதான்.

மாறியிருக்கக்கூடியவை இரண்டு. ஒன்று படகின் எடை. பழைய பைபர்கிளாஸ் படகுகளின் தரைக்கு அடியில் நுரை அடைத்திருப்பார்கள். ஆண்டாண்டாக அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாமல் ஐந்தாறு பேர் நிரந்தரமாக ஏறி உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். லொறிகளை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தால் ஒரு காலையில் உண்மை தெரிந்துவிடும். மற்றது எஞ்சினின் அமுக்கம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மானியைப் பொருத்திக் கயிற்றை இழுத்தால் போதும். இரண்டு சிலிண்டர்களுக்கும் பத்து வீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்ளே ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது சிலிண்டர் கீறியிருக்கிறது. இவ்விரண்டும் சரியாக இருந்து, எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை எட்டாமல் திணறினால் உந்துவிசிறியை மாற்றிப் பார்க்கவேண்டும். அதன் புரியிடைத் தூரத்தை ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று கூடும். சுமையோடு மேலெழுவதற்குப் பல வேளைகளில் அதுவே போதும்.

கண்டிப் படகுக்காரர்களுக்குக் கரையோரத்தார் பொறாமைப்படவேண்டிய ஒரு பேறு உண்டு. கடலில் ஓடும் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் உப்பு. குளிர்நீர் ஓடும் துவாரங்களை அரித்து, ஆணிகளை இறுக்கி, கழற்றும்போதே உடையச் செய்துவிடும். நன்னீரில் வாழ்ந்த எஞ்சினின் உடல் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் திடமாக இருக்க வாய்ப்பு உண்டு. சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, பெரிய அளவு பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கார்பரேட்டரைக் கழுவி, நீரிறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தைப் புதுப்பித்தால் இழந்த வலு பெரும்பாலும் திரும்பிவிடும். நீர்கொழும்பில் தூக்கிப்போடச் சொல்லும் வயதில் திகனயில் பழுதுபார்க்கச் சொல்வேன்.

பணக்கணக்கும் அதையே சொல்கிறது. 2022ஆம் ஆண்டு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது இறக்குமதி எஞ்சின் என்பது நடுத்தரக் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், 2022 ஜூனில் 470 ஆயிற்று. பிறகு விலை இறங்கியது மெய்தான். அந்த ஆறு மாதங்களை மறந்துவிட்டு எரிபொருளை அதிகம் குடிக்கும் எஞ்சினுக்கு ஆசைப்படுபவரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

உடல் வெடித்துப்போன எஞ்சினாக இருந்தால் வேறு பேச்சு, புதிதுதான் வாங்கவேண்டும். அப்போதும் 25 குதிரையே, ஆனால் போர் ஸ்ட்ரோக். சற்றுக் கனமானது, விலையும் கூட. ஆயினும் பழைய கார்பரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஊற்றிய எரிபொருளில் நாலில் ஒரு பங்குவரை எரிக்காமலே நீருக்குள் துப்பக்கூடியது. கலந்த எண்ணெயும் சேர்ந்தே போகும். பழுதுபார்க்கச் சொன்ன என் யோசனைக்கு எதிரான வலுவான வாதம் இதுதான். ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் ஓடும் ஒரு குடும்பப் படகுக்காக, அத்தனை பெரிய நீர்த்தேக்கத்தில் அதை நான் பொறுத்துக்கொள்கிறேன். நாள் முழுதும் கூலிக்கு ஓடும் படகென்றால் பொறுக்கமாட்டேன்.

கண்டி வாவியிலோ ஒருநாளும் பொறுக்கமாட்டேன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த அந்த வாவியின் சுற்றளவே மூன்று கிலோமீற்றர் சொச்சம். 1999இல் நீலப்பச்சைப் பாசி படர்ந்து நாறியதைக் கண்டிவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் மிகைநீர் மெத எல என்ற கால்வாய் வழியே நகரைக் கடந்து கெட்டம்பேயில் மகாவலியில் கலக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு கீழே போனால் கட்டுகஸ்தோட்டையில், நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் நிலையம் இருக்கிறது. வாவியில் சிந்தும் எண்ணெய் அந்த வழியே போகிறது. அங்கே சவாரிப் படகு ஓட்டுபவர்கள் எஞ்சின் மாற்றும் நாள் வந்தால் குதிரைவலுவைப் பற்றிப் பேசவே வேண்டாம். பற்றரியில் சுழலும் சிறு மோட்டார் அந்த மூன்று கிலோமீற்றருக்குத் தாராளம்.